பாழ்கிணற்றுச் சங்கிலி

"கையெழுத்து வைக்கமாட்டன், ஐயா. கையை வெட்டினாலும் வைக்கமாட்டன்."

சைக்கிளை வேலியில் சாத்திய கையோடு யாகப்பு இப்படிச் சொன்னான். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அருந்ததிக்கு அந்தக் குரல் உடனே பிடித்துவிட்டது. அவள் கணவர் செல்வநாயகமும் அப்படித்தான். பொய் வழக்கு எழுதமாட்டேன் என்று பொலிஸ் சார்ஜன் வேலையை உதறிவிட்டு வயலுக்கு வந்தவர். ஊராரின் சிக்கல்கள் இன்னமும் அவரைத் தேடி வரும். அவற்றை அவிழ்ப்பதில் அவரைவிட அவளுக்கே ஆசை அதிகம்.

யாகப்பு முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்தவன். நெளுக்குளத்தில் கனகலிங்கம் முதலாளியின் மரக்காலையில் கப்பிச் சங்கிலியால் மரம் தூக்குகிறவன். மூன்று நாளைக்கு முன் சங்கிலி அறுந்து, பாலைமரக் குத்தி ஒன்று விழுந்து, கூட்டாளி சின்னராசாவின் கால் முழங்காலோடு போயிற்று.

"நான் ரெண்டு குத்தியை ஒண்டாத் தூக்கினதெண்டு முதலாளி எழுதி வைச்சிருக்கிறார். தூக்கினது ஒண்டுதான் ஐயா. நாளைக்குள்ள கையெழுத்து வைக்காட்டி வேலையில்லையாம், பொலிசிலயும் குடுப்பாராம். சிநேகிதன்ர காலை முறிச்சவன் எண்டு என்ர பிள்ளையள் கேக்க வேணுமே?"

"சங்கிலி பழசோ?" என்று செல்வநாயகம் கேட்டார்.

"பழசை அரசாங்கப் பரிசோதகர் மார்கழியில கழிச்சவர். கண்ணியெல்லாம் தேஞ்சு போச்சு, வெட்டி எறியுங்கோ எண்டவர். அடுத்த கிழமை கறுப்பா மினுங்கிற சங்கிலி ஒண்டு தொங்கினது. புதுசெண்டு முதலாளி சொன்னவர்."

அருந்ததி அதற்குள் சேலை மாற்றிவிட்டாள். அவளை வீட்டில் இருக்கச் சொல்லும் துணிவு சார்ஜனுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மூவரும் போனபோது மரக்காலையில் கனகலிங்கம் நெற்றி நிறையத் திருநீறோடு கதிரை போட்டு வரவேற்றார்.

"பழசை நானே துண்டு துண்டா வெட்டி அந்தப் பாழ்கிணத்துக்குள்ள போட்டனான், சார்ஜன். இது கொழும்புச் சாமான். இந்தக் கறுப்புப் பெயின்ற்றோடதான் பெட்டியில வந்தது. நான் ஒரு சொட்டும் பூசேல்லை."

அருந்ததி ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள். பாசி பிடித்த தண்ணீர்தான் தெரிந்தது.

"இஞ்சேருங்கோ, ஆளை இறக்கித் தேடுவமோ?"

"வேண்டாம். உன்ர கொண்டை ஊசியைத் தா."

அறுந்த சங்கிலியில், கொளுக்கிக்கு மேலிருந்த கண்ணியை அவர் ஊசியால் சுரண்டினார். கறுப்புப் பெயின்ற் செதிலாகக் கழன்றது. அடியில் மஞ்சளாய் ஒரு படலம், நடுவில் சிவப்பு. அருந்ததி அந்தக் கண்ணியை மூக்கருகே கொண்டுபோனாள்.

"சந்தனம்! குங்குமமும் கிடக்கு!"

செல்வநாயகம் வேலையாட்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். பிறகு சாதுவாகக் கேட்டார்: "முதலாளி, புதுச் சங்கிலிக்குப் பொட்டு வைச்சனீங்களோ?"

"ஓம், ஓம். வந்த அண்டைக்கே என்ர கையால வைச்சனான்."

"அப்ப பொட்டு பெயின்ற்றுக்கு மேலயெல்லோ இருக்க வேணும்? இது அடியில கிடக்கு. கொழும்பில பெயின்ற் அடிச்சவன், நீங்கள் பிறகு வைச்ச பொட்டுக்கு மேல எப்பிடி அடிச்சவன்?"

செல்வநாயகம் அந்தக் கண்ணியை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இது கழிச்ச சங்கிலிதான். ஆயுத பூசைக்கு வைச்ச பொட்டு. பெயின்ற் அடிக்கேக்க அதைத் துடைக்க உங்களுக்கு மனம் வரேல்லை. துடைச்சிருந்தால் நானும் ஏமாந்திருப்பன்."

"இந்தமுறை வந்த மரம் தூக்கி முடியுமட்டும் தாங்கும் எண்டு நினைச்சிட்டன்," என்று முதலாளி முனகினார். அருந்ததிக்கு வந்த கோபத்தில், திருப்பி வாங்கியிருந்த கொண்டை ஊசி கையிலேயே வளைந்துபோயிற்று.

முதலாளி கையெழுத்துக்குத் தந்திருந்த கடதாசியை யாகப்பு மடியிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தான். சுத்தியலும் வெட்டிரும்பும் எடுத்து வந்து சங்கிலியைப் பட்டடையில் போட்டான். பொட்டு வைத்த கண்ணியை முதலில் வெட்டி எடுத்து, பரிசோதகருக்குக் காட்டச் சொல்லிச் செல்வநாயகத்திடம் கொடுத்தான். அடுத்த கண்ணிக்குச் சுத்தியலை ஓங்கினான்.

"பூசை செய்த சங்கிலி, யாகப்பு," என்று கனகலிங்கம் பதறினார். "வெட்டாதை, பாவம்."

"கால் போன அண்டைக்குச் சின்னராசாவின்ர நெத்தியிலயும் பொட்டு இருந்தது, முதலாளி."

சுத்தியல் இறங்கியது. கடைசிக் கண்ணி இரண்டாகும்வரை ஒருவரும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.