கோட்டுப் போட்ட டிரைவர் தாத்தா

தடால்!

டீக்கடை வாசலில் ஏதோ விழுந்த சத்தத்தில், பாய்லர் ஓரம் படுத்திருந்த நாய் எழுந்து ஓட்டம் பிடித்தது. எதிர்வீட்டு வாசலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த கார்த்திகா, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தாள்.

விழுந்தது ஏணிதான். அப்பா பாண்டிதுரை விழவில்லை. டீக்கடைத் தகரக் கூரையைப் பிடித்தபடி வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, வேடிக்கையா பாக்கே? ஏணியை நிமித்து!"

கார்த்திகாவும் பேனர் கடை ஆல்வினும் சேர்ந்து ஏணியை நிமிர்த்தினார்கள். அப்பா இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கயிற்றை இழுத்தார். சுருட்டியிருந்த பேனர் மடமடவென்று விரிந்தது.

கார்த்திகா வாயைப் பிளந்தாள்.

பேனரில் தாத்தா இருந்தார். கழுத்துக்கு மேலே தாத்தாதான். கழுத்துக்குக் கீழே நீலக் கோட்டு, சிவப்பு டை. பின்னால் பனி மூடிய மலை.

"அப்பா! தாத்தாவுக்கு யாருப்பா கோட்டு மாட்டிவிட்டது?"

"நான்தான் பாப்பா" என்றான் ஆல்வின், பெருமையாக. "ஒரு கல்யாணப் போட்டோவுல இருந்து தலையை மட்டும் எடுத்து வச்சேன். தச்ச மாதிரி பொருந்திருச்சு பாரு."

தாத்தா சோணைமுத்து, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஓடும் அரசு டவுன் பஸ்ஸின் டிரைவர். முடி கறுப்பாக இருந்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்தவர், தலை வழுக்கையான பிறகுதான் விட்டார். ஓய்வு பெற்றுக் கொஞ்ச நாளிலேயே, ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம் ஆகிறது.

வீட்டிலும் அவர் டிரைவர்தான். டிவியில் கார் வேகமாக ஓடினால், நாற்காலியில் இருந்தபடியே வலது காலால் தரையை அழுத்துவார். "பிரேக்கு பிடிக்கேன்" என்பார். கார்த்திகா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"தாத்தா காக்கிச் சட்டைதானப்பா போடுவாரு?"

அப்பா பேனரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆமா. தீபாவளிக்கும் டூட்டி, பொங்கலுக்கும் டூட்டி. ஒரு நல்ல சட்டை போட்டு அவரை நான் பாத்ததே இல்ல. இப்பவாச்சும் போடட்டுமே."



"ஞாயித்துக்கெழமை எல்லாருக்கும் பொங்கலும் சாம்பாரும்" என்றார் அப்பா. "பெரிய அண்டாவா சொல்லியிருக்கேன். எங்கப்பா வண்டியில ஏறாத ஆளு யாரு? பேனரைப் பாத்ததும் ஊரே வரும்."

மறுநாள் காலையில், பள்ளிக்கூட வேனுக்காக டீக்கடை பெஞ்சில் கார்த்திகா உட்கார்ந்திருந்தாள். அதுதான் பஞ்சு மார்க்கெட் பஸ் நிறுத்தம். பக்கத்தில் இரண்டு பெண்கள் கூடைகளோடு நின்றார்கள். அவர்களில் பூக்கூடை வைத்திருந்தவர் அய்யம்மாள். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பூ விற்கப் போகிறவர்.

"ஏட்டி ரத்தினம், யாரு இது? மில்லு மொதலாளியா?" என்றார் அய்யம்மாள், பேனரைப் பார்த்து.

"கோட்டைப் பாத்தா வக்கீல் மாதிரி இருக்காவ. பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

கார்த்திகாவுக்குப் பொறுக்கவில்லை. "பெரியம்மா, அது எங்க தாத்தா. வக்கீல் இல்ல. டவுன் பஸ் டிரைவர். உங்க பஸ் டிரைவர்!"

அய்யம்மாள் சிரித்துவிட்டார். "எங்க டிரைவரய்யாவை எனக்குத் தெரியாதா? எம்புட்டு வருசமா அவிய சீட்டுக்குப் பின்னாடி உக்காந்து வாரேன்! அவிய இவரு இல்லட்டி."

"அவர்தான் பெரியம்மா! பேரு கூடப் போட்டிருக்கு பாருங்க, சோணைமுத்துன்னு."

"பேரெல்லாம் யாரு கேட்டா? டிரைவரய்யான்னுதான் கூப்பிடுவோம். கண்டக்டர்கிட்ட விசாரிச்சேன். 'இப்ப இந்த வண்டியில இல்லம்மா'ன்னாரு. வேற ரூட்டுல போட்டிருப்பாவ. திரும்பி வந்துருவாவ."

இவருக்குத் தாத்தா இறந்ததே தெரியாது!

"உங்க டிரைவரய்யா எப்படி இருப்பாரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"காது ரெண்டும் சட்டிக்குக் கைப்பிடி வச்ச மாதிரி இருக்கும். பிடரியில அரைவட்டமா வெள்ளை முடி. கழுத்தைச் சுத்தி நீலக்கட்டம் போட்ட துண்டு. கூடையைத் தூக்கிக்கிட்டு நான் ஓடியாந்தா, திரும்பிக்கூடப் பாக்க மாட்டாவ. சன்னல் வழியா வலது கையை நீட்டி, வா வான்னு ஆட்டுவாவ. நான் ஏறுத வரைக்கும் வண்டி நவராது."

எல்லாம் தாத்தாவேதான். ஆனால் ஏதோ ஒன்று இடித்தது. கார்த்திகா யோசித்தாள்.

"அவரு மீசை எப்படி இருக்கும் பெரியம்மா?"

"மீசை..." அய்யம்மாள் வாயைத் திறந்தார், மூடினார். "ஏட்டி ரத்தினம், டிரைவரய்யாவுக்கு மீசை இருந்துச்சா?"

"இருந்துச்சா?" என்று ரத்தினமும் கேட்டார்.

அப்போது பஸ் வந்துவிட்டது. இருவரும் கூடைகளோடு ஏறிப் போய்விட்டார்கள். கார்த்திகா பெஞ்சிலேயே உறைந்து போய் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் போகிற யாரும் டிரைவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஊருக்குத் தாத்தாவைத் தெரியும். முதுகுப் பக்கமாகத் தெரியும்!

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை.

"முதுகா?" என்றார் அப்பா. "எவனாச்சும் முதுகைப் போட்டுப் பேனர் வைப்பானா? ஊரு சிரிக்கும்!"

"இப்ப ஊருக்கு அவரை அடையாளமே தெரியலப்பா. வக்கீலுங்காங்க. ஞாயித்துக்கெழமை அந்த அண்டா பொங்கலையும் நாமளேதான் சாப்பிடணும்."

"பெரிய மனுஷி மாதிரி பேசாத. போய்ப் படி."

கார்த்திகா படிக்கவில்லை. வீட்டில் இருந்த ஆல்பத்தையெல்லாம் புரட்டினாள். தாத்தா முகத்தோடு சில படங்கள் இருந்தன. முதுகுப் படம் ஒன்றுகூட இல்லை. முதுகை யார் படம் எடுப்பார்கள்?

"அம்மா, நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போறேன்னு சொன்னீங்கள்ல? நானும் வாரேன்."

அம்மா பரிபூரணம் மகளை ஏற இறங்கப் பார்த்தார். "பால்கோவாவுக்குத்தான?"

"இல்ல. பஸ்ஸுக்கு."

சனிக்கிழமை காலை, டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லை. கார்த்திகாவுக்கு வகுப்பில் எழுந்து பதில் சொல்லவே கூச்சம். அம்மாவின் சேலை நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம்! இந்த பஸ்ல எங்க தாத்தா டிரைவரா இருந்தாரு. அவரோட முதுகு போட்டோ யார்கிட்டயாவது இருக்கா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள்.

ஒரு பெரியவர் மட்டும் அக்கறையாகப் போனை எடுத்துத் தேடினார். "ஆட்டுக்குட்டி இருக்கு... மச்சினி கல்யாணம் இருக்கு... இந்தா, என் நாயி. அசல் ராஜபாளையம். முதுகு நல்லாத் தெரியும் பாரு, வேணுமா?"

"வேண்டாம் மாமா" என்றாள் கார்த்திகா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒவ்வொரு சீட்டாகப் போய்க் கேட்டாள். போகும்போது கிடைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வேலையை முடித்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள். அதிலும் கத்தினாள். இந்த முறை கண்ணை மூடவில்லை.

"காது பெருசா இருக்குமே, அவியளா?"

கேட்டது ஒரு கல்லூரி அக்கா. பெயர் மகாலட்சுமி.

"ஆமா அக்கா! அவர்தான்!"

"நாங்க பிளஸ் டூ முடிச்ச அன்னைக்கு, பஸ் நின்னப்போ டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி போய் நின்னு எல்லாரும் செல்ஃபி எடுத்தோம். இரு, பாக்கேன்." அக்காவின் விரல் போனில் ஓடியது. ஓடி, நின்றது.

படம் முழுக்க அக்காக்களின் பற்கள். அவர்களுக்குப் பின்னால், டிரைவர் சீட்டில், காக்கிச் சட்டை. நீலக்கட்டம் போட்ட துண்டு. இரண்டு பெரிய காதுகள். சன்னலுக்கு வெளியே, யாரையோ வா வா என்று கூப்பிடும் வலது கை.

"தாத்தா!" என்றாள் கார்த்திகா. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, உங்களையெல்லாம் வெட்டிட்டு, தாத்தாவை மட்டும் எடுத்துக்கட்டுமா?"

"அம்புட்டுப் பேரையுமா வெட்டப் போற?" மகாலட்சுமி சிரித்தபடியே படத்தை அம்மாவின் போனுக்கு அனுப்பினாள். "அந்தக் கை இல்லேன்னா நாங்க ஒருநாளும் முதல் பீரியடுக்குப் போயிருக்க மாட்டோம். வெட்டிக்கோ."

வீட்டுக்கு வந்ததும் போனை அப்பாவிடம் நீட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை. ஆனால் தலையை ஆட்டினார்.

"எனக்கு இந்த முதுகு புதுசு இல்ல கார்த்திகா. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது, விடியுறதுக்குள்ள டூட்டிக்குக் கிளம்பிருவாரு. நான் முழிச்சுப் பாத்தா, வாசலைத் தாண்டிப் போற முதுகுதான் தெரியும். ஊருக்கு வேணும்னா முதுகு போதும். எனக்கு முகந்தான் வேணும்."

அப்பாவின் குரல் அப்படி உடைந்து கார்த்திகா கேட்டதில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்ப ரெண்டும் இருக்கட்டும்ப்பா" என்றாள் பிறகு. "முகம் நம்ம வீட்டுக்கு. முதுகு பஸ் ஸ்டாப்புக்கு."

"அந்தக் கோட்டு?"

"கோட்டும் இருக்கட்டும். நீங்க ஆசையாப் போட்டுவிட்டதுல்ல?"

அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டினார். "வா, ஆல்வின் கடை பூட்டுறதுக்குள்ள போவோம்."

ஆல்வின் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துத் தாடையைச் சொறிந்தான். "பின்பக்கத்துக்கும் ஒரு கோட்டு இருக்கு பாப்பா. மாட்டிவிடவா?"

"மாட்டுனீங்க, இங்கேயே உருண்டு அழுவேன்ணே!"

ஞாயிற்றுக்கிழமை காலை. கோட்டுப் போட்ட தாத்தா வீட்டு நடுக்கூடத்துக்குப் போய்விட்டார். டீக்கடைக் கூரையில் காக்கி முதுகு. கீழே, 'நம் டவுன் பஸ் டிரைவர். முதலாம் ஆண்டு நினைவு. எதிர்வீட்டில் எல்லாரும் சாப்பிட வாருங்கள்.'

அண்டாவில் பொங்கல் ஆவி பறந்தது. அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். கார்த்திகா டீக்கடை பெஞ்சில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் வந்தவர் அய்யம்மாள்.

"ஏ, நம்ம டிரைவரய்யா!" என்று தூரத்திலேயே முகம் மலர்ந்தது. வேகமாக நடந்து வந்தார். கிட்டே வர வர நடை தளர்ந்தது. இப்படிப் பேனரை யார் நினைவாக வைப்பார்கள், ஏன் வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? பூக்கூடை கையிலிருந்து இறங்கியது.

கார்த்திகா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன வருஷம், பெரியம்மா. தூக்கத்துலயே. கஷ்டப்படல."

"ரூட்டு மாறிட்டாவன்னுல்ல நெனச்சேன்..." அய்யம்மாள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் டவுன் பஸ் வந்து நின்றது. சன்னல்களில் தலைகள் நீண்டன. "ஏலே, அந்தக் காதைப் பாரு!", "துண்டைப் பாரு, அவரேதான்!" என்று குரல்கள். ஒருவர் இறங்கினார். பிறகு நாலு பேர். பிறகு யாரும் எண்ணவில்லை. நாய்ப் படம் காட்டிய பெரியவர் வந்தார், நாயையும் பிடித்துக்கொண்டு. மகாலட்சுமி தோழிகளோடு வந்தாள். எதிர்வீட்டு வாசலில் பந்தி நிறைந்தது. அப்பா வாளியோடு ஓடி ஓடிப் பரிமாறினார்.

"மெதுவாப்பா!" என்று கார்த்திகா கத்த வேண்டியிருந்தது.

அய்யம்மாள் மட்டும் சாப்பிட உட்காரவில்லை. கூடையில் இருந்த மல்லிகையை முழம் போடாமல் மொத்தமாக எடுத்துக்கொண்டு, கார்த்திகாவிடம் வந்தார்.

"ஏட்டி, அவிய முகத்தை நான் ஒரு தடவ பாக்கணும்."

கார்த்திகா அவரை நடுக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். பரிமாறிக்கொண்டிருந்த அப்பாவும் வாளியோடு பின்னாலேயே வந்து நின்றார்.

அய்யம்மாள் நீலக் கோட்டைப் பார்க்கவில்லை. சிவப்பு டையைப் பார்க்கவில்லை. பனிமலையைப் பார்க்கவில்லை. அந்த முகத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பூவைச் சாத்திவிட்டு, படத்திடம் கேட்டார்.

"இம்புட்டு வருசமும் இப்படிச் சிரிச்சுக்கிட்டேதான் ஓட்டுனீயளா, டிரைவரய்யா?"