மூன்று முறை அடிக்காத மணி

பஸ்ராவின் அஷார் கடைத்தெருவில் வானொலி பழுதுபார்க்கும் ஷாகிரின் மேசைமேல் ஹாதிம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வைத்தான். அவனே வீட்டில் செய்த டைமர். பொத்தானை அழுத்தினால் ஒரு மணி நேரம் கழித்து மணி அடிக்கும். அம்மாவின் புண்பட்ட கண்ணில் மணிக்கொரு தரம் மருந்து விடுவதற்காகச் செய்தது. போன வியாழக்கிழமை மூன்று வேளை மருந்து தவறி, அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது. மணி அடிக்கவே இல்லை என்று அவன் மனைவி ரபாப் சத்தியம் செய்தாள். அவன் நம்பாமல் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

“இருபது தடவ சோதிச்சுட்டேன், உஸ்தாத். ஒரு தடவகூடத் தப்பல. நீங்களும் பாத்துச் சொல்லிட்டா, நாளைக்கே தலாக் பேசிடுவேன்.”

பக்கத்துக் கடை முடிதிருத்துபவர் ஜப்பார், பாதிச் சவரத்தில் ஆளை விட்டுவிட்டு வந்து, பூனைதான் கம்பியை இழுத்திருக்கும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். ஊர்வம்பு என்றால் அவருக்கு வெல்லம். ஷாகிர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பழைய டிவியில் கழற்றிய பெரிய மின்தேக்கி. மூடியில் ஒட்டிய பெயர்ச்சீட்டு பசை இளகிக் கீழே வழிந்து கோணலாக நின்றது.

“எங்க வெச்சு சோதிச்ச?”

“என் ரூம்ல, கூலர் பக்கத்துல.”

மூவரும் ஹாதிமின் வீட்டுக்குப் போனார்கள். பெட்டி இருந்த இடம் சமையலறை அலமாரி. அங்கே மின்வெட்டுக்கு வைத்திருந்த மெழுகுவத்தி தலை தொங்கிக் கிடந்தது. நேர்கீழே அடுப்பு. வியாழக்கிழமை யார் வந்தார்கள் என்று ஷாகிர் ஹாதிமின் அம்மாவிடம் கேட்டார்.

“என்னப் பாக்கத் தெருவே வந்துச்சு. பாவம், ரபாப் டீக்கெண்டிய அடுப்ப விட்டு எறக்கவே இல்ல. மத்த நாள்ல யாரு வரா?”

ஷாகிர் பெட்டியை அதே அலமாரியில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். கீழே சிறுதீயில் தேநீர் ஏற்றினார். ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. மணி அடிக்கவில்லை.

“மின்தேக்கி ஒரு குடம்னு வெச்சுக்க. சொட்டுச் சொட்டா நெறஞ்சாத்தான் மணி அடிக்கும். பழைய குடம், சூடு பட்டா கசியும். ஊத்துறதெல்லாம் கசிஞ்சிட்டா எப்ப நெறையும்? நீ குளிர்ல வெச்சுப் பாத்த. அவ அடுப்புக்கு மேல பாத்தா. அலமாரில வெச்சது யாரு?”

“நான்தான்,” என்றான் ஹாதிம். அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அன்று மாலையே மூவரும் ரபாபின் தகப்பனார் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். காப்பி வந்தது. அந்த ஊர் வழக்கப்படி, வந்த காரியம் கைகூடும்வரை அதைத் தொடக்கூடாது. தொடாமலே எழுந்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம். ஹாதிம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தான். ரபாப் கதவோரம் நின்று கேட்டாள்.

“பெட்டிய இருபது தடவ கேட்டீங்க. என்னை ஒரு தடவ கேட்டீங்களா?”

அவன் தலைகுனிந்தான். காப்பி ஆறிப்போயிற்று. கடைசியில் அவள் ஷாகிரின் பக்கம் திரும்பினாள். புருஷனை அவள் பார்க்கவே இல்லை.

“அத்தைக்கு ராத்திரி மருந்து விடணும். காப்பியக் குடிங்க, மாமா.”