எடுத்தவர் சுமக்க வேண்டும்

மீள்வரவு நாளன்று விடிவதற்கு முன்பே என் வீட்டுக்காரருக்கு நான் சவரம் செய்துவிடுவேன். அவருக்கு மீசை மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆனால் எபநேசருக்கு மீசை கிடையாது. எபநேசரின் மனைவி ஜெபக்கனி முந்தின நாளே ஒரு பையில் சட்டை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், செருப்பு எல்லாம் கொடுத்தனுப்பிவிடுவாள். செருப்பு ஓர் அளவு சின்னது. வருஷா வருஷம் என் மனுஷர் கால் விரலில் கொப்புளத்தோடுதான் வீடு திரும்புவார்.

"மோதிரத்தக் கழத்தணுமா?" என்று அந்த வருஷம் கேட்டார்.

"கழத்துங்க. போன வருஷம் அதப் பாத்து ஜெபக்கனி அழுதுட்டாளாம்."

"என் விரலு, என் மோதிரம். இதுக்கு ஊர்ல ஒரு அழுகையா?"

"இன்னைக்குப் பொழுது சாயுற வரைக்கும் அது எபநேசர் விரலுல்லா."

சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "ஏளா, சாயங்காலம் நல்லா சத்தமாக் கூப்பிடணும். போன தடவ ரொம்ப ஆழத்துல கெடந்தேன். எந்தப் பக்கம் மேலன்னே தெரியல" என்றார். நான் சோப்பு நுரையைத் துடைப்பதில் மும்முரமாக இருந்ததுபோல் காட்டிக்கொண்டேன். பயமாக இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. தீவுப் போருக்குப் போன ஒவ்வொருவரின் பிடரியிலும் இரண்டு குழிகள் உண்டு. வலது குழியில் அவரவர் நினைவுத்தகடு இருக்கும். 'சிப்' என்றும் சொல்வார்கள். ஆளின் மனம் முழுவதும் அதில் பதிந்துகொண்டே இருக்கும். நகல் எடுக்க முடியாது. இடது குழி காலி. பக்கத்தில் ஒருவன் விழுந்தால், உயிரோடு இருப்பவன் அவன் தகட்டை உருவி எடுத்துவர வேண்டும். எதிரியிடம் சிக்கினாலும் உதவக்கூடாது என்று அதில் ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். முதலில் உருவிய கையின் ரேகை தகட்டில் விழுந்துவிடும். அதன் பிறகு அந்தக் கைக்காரரின் உடம்பில் மட்டும்தான் அது திறக்கும்.

எபநேசரின் தகட்டை உருவி வந்தவர் என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து.

போர் முடிந்ததும் அந்தத் தகடுகளை என்ன செய்வதென்று அரசுக்குத் தெரியவில்லை. கல் நட்டு மாலை போட்டால் போதுமா என்று யாரோ கேட்டார்கள். அப்படி வந்ததுதான் மீள்வரவு நாள். வருஷத்தில் ஒரு நாள், சூரியன் உதித்து மறையும் வரை, செத்தவர் எடுத்தவரின் உடம்பில் எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டு வரலாம். 'எடுத்தவர் சுமக்க வேண்டும்' என்று மைதானத்துத் தூணில் பொறித்தும் வைத்தார்கள். செத்தவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா என்று பத்திரிகைகள் எழுதின. உயிரோடு வந்தவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவர்தான் உயிரோடு வந்துவிட்டாரே! அவர்கள் சண்டை போட்ட தீவைக்கூட இப்போது கடல் கொண்டுவிட்டது.

முதல் சில வருஷம் செத்தவர்கள் எழும்போதெல்லாம் இன்னும் தீவின் கரையில் கிடப்பதாகவே நினைத்தார்கள். இறந்துவிட்டீர்கள் என்று வருஷா வருஷம் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. எபநேசர் ஒவ்வொரு தடவையும் முதல் தடவைபோலவே அழுவார். சொல்லிச் சொல்லி ஜெபக்கனி பாதியாகிப் போனாள். அதனால் ஊரே கூடி, சேர்பதிவு வேண்டும் என்று மனுக் கொடுத்தோம். அந்தந்த வருஷத்து நாளைத் தகட்டில் சேர்த்து எழுதிவிட்டால் அடுத்த முறை அவர்களுக்கு நினைவிருக்கும். நானும் கை தூக்கினேன். பாவமாக இருந்தது, தூக்கினேன்.

அதன் பிறகுதான் எங்கள் ஆட்கள் திரும்பி வரத் தாமதமானது. தகட்டை உருவிய பிறகும் செத்தவர்கள் உடம்பிலேயே தங்கப் பழகிவிட்டார்கள். அடுத்த தெரு ரஹ்மத்து, கணவர் முழுசாக வந்துவிடுவார் என்று பொறுத்துப் பார்த்தாள். உள்ளே தங்கிவிட்டவர் அதற்குள் அவள் கணவரின் சொந்தத் தகட்டிலும் தன்னையே எழுதி முடித்துவிட்டார். யாரென்றே தெரியாத ஆளுக்கு இன்றுவரை அவள் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

முந்தின வருஷத்து மீள்வரவு நாளுக்குப் பிறகு ஜெபக்கனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அன்றைய தினம் உடம்பு எபநேசருடையது, ஆகவே குழந்தையும் எபநேசருடையது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தையின் காது மட்டும் சட்டம் படிக்கவில்லை. அப்படியே இசக்கிமுத்துவின் காது. விஷயம் தெரிந்து இவர் சில நாள் என் முகத்தைப் பார்க்காமல் நடமாடினார். தன்னை அறியாமல் நடந்த காரியத்துக்கு மனுஷர் என்ன சமாதானம் சொல்வார்? எனக்குக் குழந்தை இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மைதானத்தில் அமைச்சர் பேசினார். கொடி ஏறியது. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் இடது குழியில் தகடுகளைச் செருகினார்கள். என் வீட்டுக்காரரின் தோள் ஒருமுறை தொங்கி நிமிர்ந்தது. எபநேசர் எழுந்து தூணுக்கு வணக்கம் வைத்தார். பிறகு ஜெபக்கனியின் கையில் இருந்த குழந்தையைப் பார்த்தார். இரண்டு கைகளையும் நீட்டி அதை வாங்கினார். நான் பிடித்துத் தூங்குகிற அதே கைகள். எனக்கு வயிறு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகையும் வந்தது. இரண்டுமே பொய்யில்லை.

அவர்கள் போய்விட்டார்கள். சுமப்பவர்களின் மனைவிகளான எங்களுக்குப் பந்தலில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தைக் கூப்பிடும் நேரம் என்போம். தகட்டை உருவியதும் அவரவர் மனைவி முன்னால் நின்று கணவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். மற்ற நாட்களில் புருஷன் பெயரை உதட்டில் கொண்டுவராதவர்கள்கூட அன்று தொண்டை கிழியக் கத்துவார்கள். நானும் கத்தினேன். "இசக்கிமுத்து! இசக்கிமுத்து!"

கண் திறந்தது. "வந்துட்டேன்."

பக்கத்தில் நின்ற மீள்வரவு அலுவலர் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். எனக்கு உயிர் வந்தது. கையைக் கொடுத்தேன். அதைப் பிடித்து எழுந்தவர் என் காதருகில் குனிந்தார்.

"வாங்க மதினி, போவோம்."

இந்த உலகத்தில் என்னை மதினி என்று கூப்பிடுகிறவர் எபநேசர் ஒருவர்தான். தோழனின் மனைவி அண்ணன் மனைவிக்குச் சமம் என்று அவருக்கு ஒரு மரியாதை.

"எங்க அவிய?" என்றேன்.

"உள்ள கூப்பிட்டுப் பாத்தேன் மதினி. சத்தமே இல்ல. நான் போகணும்னுதான் நெனச்சேன், சத்தியமா. பாப்பாவத் தூக்கிட்டேன். அதுக்குப் பெறகு எப்படிப் போறதுன்னு தெரியல." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "அண்ணன் வார வரைக்கும் உங்க வீட்லயே இருக்கேன். யாருக்கும் சொல்லாண்டாம்."

ரஹ்மத்தின் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. "ஐயோ, இது எங்க வீட்டுக்காரவிய இல்ல!" என்று அலறிவிட்டேன். மைதானத்தில் வாசித்துக்கொண்டிருந்த வாத்தியக் குழு நின்றுபோனது.

அலுவலர் ஓடிவந்தார். நல்ல பெண்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. திரும்பலன்னு நான் அறிவிச்சா, இந்த உடம்பு இனிமே எபநேசரோடது. உங்க கணவர் பேர் செத்தவங்க வரிசையில தூணுல ஏறிடும்."

"அவியள எப்படிக் காப்பாத்துறது?"

"அவரோட சொந்தத் தகட்ட இப்பவே உருவணும். நேரம் ஆக ஆக இவர் அதுல எழுதிக்கிட்டே இருப்பார். விடியும்போது அதுல உங்க கணவர் மிஞ்ச மாட்டார்."

"அப்ப உருவுங்க!"

"நான் உருவக் கூடாது. உருவுறவங்க காலம் முழுக்கச் சுமக்கணும்."

சுற்றிப் பார்த்தேன். போருக்குப் போய் வந்த அத்தனை பேருக்கும் இடது குழிக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தார். மற்றவர்கள் மெதுவாகப் பின்னால் நகர்ந்தார்கள். தியாகத்தைப் பற்றிக் காலையில் அரை மணி நேரம் பேசிய அமைச்சர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். ஜெபக்கனி மட்டும் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் எடுக்கேன் அக்கா. எங்கழுத்துல குழி போட்டுக்கிடுதேன். வருஷம் ஒருநாளு அண்ணன் உங்ககிட்ட வரட்டும். என்னால இதாவது செய்ய முடியும்லா?"

மனதாரத்தான் சொன்னாள். இன்று எனக்கு அது தெரிகிறது. அன்று கண் மண் தெரியாத ஆத்திரம். என் புருஷனின் உடம்பு இவளுக்கு, அவர் குழந்தை இவளுக்கு, இப்போது அவர் மனசும் இவள் கழுத்துக்குள் போய் உட்கார வேண்டுமா?

"நீ எடுத்ததெல்லாம் போதும்ட்டி. தள்ளி நில்லு!"

எபநேசர் முழங்காலிட்டுத் தலையைக் குனிந்தார். அந்தப் பிடரியை எனக்கு நன்றாகத் தெரியும். வியர்க்குரு எங்கே வரும் என்பதுகூடத் தெரியும். வலது குழியில் விரலை வைத்து உருவினேன். நகத்தளவு தகடு, உடம்புச் சூட்டோடு வந்தது. என் ரேகை விழுந்ததற்கு அடையாளமாக ஒரு பச்சைப் புள்ளி எரிந்து அணைந்தது.

அலுவலர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? அந்தப் பொண்ணு எடுத்திருந்தா வருஷத்துல ஒரு நாளாவது நீங்க அவரோட பேசியிருக்கலாம். இனி அவர் வந்தா உங்க உடம்புலதான் வருவார். அவர் இருக்கிற நேரத்துல நீங்க இருக்க மாட்டீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிடுங்கினது பிடுங்கினதுதான். உள்ளங்கையில் தகடு ஆறிக்கொண்டிருந்தது. மறுபடி வாத்தியம் முழங்கியது. புதிய தியாகி ஒருவர் கிடைத்துவிட்டார் அல்லவா?

அடுத்த மீள்வரவு நாளில், பிடரியில் குழி போட்டுக்கொண்டு, நான் அந்த வரிசையில் உட்கார்ந்தேன். சூரியன் எழும்பியது. பிடரியில் சுருக்கென்றது. அடுத்த கணம் பார்த்தால் மேற்கே வானம் சிவந்திருந்தது. நடுவில் எனக்கு ஒரு பகல் இல்லை. தொண்டை மட்டும் ரணமாக வலித்தது. யார் என்னைக் கூப்பிட்டது என்று பார்த்தேன். ஜெபக்கனி.

"என்ன செஞ்சாவ?" என்றேன். காற்றுதான் வந்தது. இருந்தாலும் அவளுக்குப் புரிந்தது.

"முழிச்சதும் உங்களத்தான் கேட்டாவ அக்கா. எங்க வீட்டுக்காரவியள எதுத்தாப்ல பாத்துட்டு, 'இது என் மொகம்லா'ன்னு பயந்துட்டாவ. வெவரம் சொன்னோம். நம்பல. உங்க வீட்டுக்குப் போயி ஒவ்வொரு அறையா உங்களத் தேடுனாவ. அடுக்களையத் தொறந்து தொறந்து பாத்தாவ." அவள் மூக்கை உறிஞ்சினாள். "கடைசில கண்ணாடி முன்னால உக்காந்துட்டாவ. பெறகு எந்திரிக்கவே இல்ல. பொழுது சாயுற வரைக்கும் கண்ணாடியப் பாத்து உங்களக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாவ."

நாளெல்லாம் கூப்பிட்டிருக்கிறார். என் குரலிலேயே கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை.

அலுவலர் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "அம்மா, சேர்பதிவு உங்க விருப்பம். எழுதலன்னா அடுத்த வருஷமும் ஒண்ணும் தெரியாம எந்திரிச்சு இதே மாதிரி தேடுவார். எழுதினா நினைவிருக்கும். ஆனா கொஞ்சம் கொஞ்சமா தங்கிடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஒரு வருஷம் நீங்க திரும்பாமலே போயிடலாம்."

ஜெபக்கனி என் கையைப் பிடித்தாள். "வேண்டாம் அக்கா" என்றாள்.

அவர் என்னை ஒரு நாள் தேடியதே போதும். உடம்பு யாராவது ஒருவருக்கு உதவட்டும். அவருக்குப் பார்க்க ஒரு மகளாவது இருக்கிறாள். பதில் சொல்லக் குரல் எழும்பவில்லை. எழுதுங்கள் என்று தலையை ஆட்டினேன்.