மூன்றாம் மாடி எஸ்தரின் விலை

எஸ்தர் கைப்பேசியில் 'விற்கிறேன்' பொத்தானை அழுத்திய மறுநொடி, பெரம்பூரில் அவள் குடியிருக்கும் கட்டடத்தின் பன்னிரண்டு வீடுகளும் பாதி விலைக்குச் சரிந்தன.

சுவரில் இருந்த விலைநோக்கியை ஓங்கித் தட்டினாள். ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டின் விலையையும் நொடிக்கு நொடி காட்டும் கண்ணாடி அது. காரணத்தையும் கூசாமல் சொல்லும். "எஸ்தர் போகிறார்."

திருவான்மியூருக்கு மாற்றினாள். அங்கே அவள் பார்த்துவைத்த லிஃப்ட் உள்ள வீடு காலையில் எழுபது லட்சம். இப்போது தொண்ணூறு. "எஸ்தர் வருகிறார்."

புரோக்கர் முபாரக்கை அழைத்தாள்.

"என்னங்க இது அநியாயம்?"

"மோட்டார் போடுறது, தண்ணி லாரி வரவழைக்கிறது, ஒருத்தருக்கு நெஞ்சுவலின்னா ஆட்டோ புடிக்கிறது, எல்லாம் நீங்கதானேக்கா? அதையும் சேர்த்துதான் மெஷின் விலை போடுது."

"அப்ப என்னையே நான் காசு குடுத்து வாங்கணுமா?"



உள்ளே கட்டிலில் அவள் கணவர் தேவசகாயம். பக்கவாதம் வந்த பிறகு, லிஃப்ட் இல்லாத இந்த மூன்றாம் மாடியை விட்டு அவர் இறங்கி எட்டு மாதம் ஆகிறது. அவரை மண்ணில் கால் வைக்க விடவேண்டும் என்றுதான் இந்த மாற்றமே. இனி அது நடக்காது என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் அக்கம்பக்கத்து ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். எல்லோர் வீட்டுச் சுவரிலும் அதே கண்ணாடிதானே. கீழ்வீட்டு ரங்கராஜன் பேயறைந்தவர்போல் ஒரு நாற்காலியைப் பிடித்திருந்தார்.

"எஸ்தரம்மா, சாரை தினம் சாயங்காலம் நாங்க கீழ இறக்குறோம். நீங்க எங்கயும் போவாதீங்க."

எட்டு மாதமாக, "சார் எப்படி இருக்கார்?" என்று படியில் கேட்டுவிட்டு நடையைக் கட்டிய மனிதர் இவர்.

அவள் விற்பனையை நிறுத்திவைத்தாள். நால்வர் தேவசகாயத்தை உட்காரவைத்து நாற்காலியைத் தூக்கினார்கள். இரண்டாம் மாடி தாண்டியதும் தேவசகாயம் கோணிய வாயால் சிரித்தார். எஸ்தருக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான், பின்னால் வந்தவர் கைப்பேசியைப் பார்த்து விலையை உரக்கப் படிப்பது அவள் காதில் விழுந்தது. படிக்குப் படி ஏறியது விலை.

முதல் மாடியில் ரங்கராஜன் நின்றார். "பழைய விலை வந்துடுச்சுப்பா. போதும், இங்கயே வைங்க."

நாற்காலியை அங்கேயே வைத்துவிட்டார்கள்.

எஸ்தர் கைப்பேசியை எடுத்து 'விற்கிறேன்' பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

நால்வர் கையிலும் நாற்காலி சட்டென்று மேலெழும்பி, மிச்சப் படிகளில் இறங்கத் தொடங்கியது.