சித்தப்பா மறைந்த இருட்டு

"எங்க சித்தப்பாவைக் காணோம் சார். சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் வந்த வேகத்திலேயே அந்தப் பெண் இதைச் சொன்னாள். கல்லாவை ஒட்டி உட்கார்ந்திருந்த ஏஜெண்ட் நிமிர்ந்தார். இன்சூரன்ஸ் விற்பது அவருடைய பிழைப்பு. சகலையின் கடையில் உட்கார்ந்து, ஏதாவது மர்மம் வாசற்படி ஏறாதா என்று காத்திருப்பது அவருடைய உயிர்.

"வயசு என்னம்மா? கடைசியா என்ன உடுத்தியிருந்தார்?"

"சிவப்புக் கோட்டு. வயசு தெரியாது சார். மரத்துல செஞ்சது."

ஏஜெண்ட் விழித்தார். அவருடைய சகலையான கண்ணாடிக்காரர் மட்டும் லென்ஸ் துடைப்பதை நிறுத்தாமல், "பீப்பாய்க் கடையில சித்தப்பான்னு பேசுமே, அந்தப் பொம்மைதானே? போன மாசம் என் வழுக்கையைக்கூட அது கிண்டல் பண்ணாம விட்டு வைக்கலையே," என்றார்.

சனிக்கிழமை வந்தால் அக்காவும் தங்கையுமான அவர்கள் மனைவிமார் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். சகலைகள் இருவரும் நகரத்தின் சந்து பொந்தெல்லாம் நுழைந்து, புதுப்புது மதுக்கூடம், குட்டி அரங்கம் என்று பார்த்து வருவார்கள். ஏஜெண்ட் பீர் குடிப்பார். கண்ணாடிக்காரர் சோடாவை வைத்துக்கொண்டு மனிதர்களைப் பார்ப்பார். அப்படிக் கண்டுபிடித்த, மேடையுள்ள மதுக்கூடங்களில் ஒன்று பீப்பாய்க் கடை. மேசைகள் எல்லாம் பீப்பாய்கள். ஒரு நாற்காலி சலூனிலிருந்து வந்தது, இன்னொன்று பழைய பஸ்ஸிலிருந்து. அங்கே யாரும் கை தட்டுவதில்லை. பிடித்திருந்தால் மேசைமேல் இருக்கும் மணியை அடிக்க வேண்டும்.

அந்தப் பெண் பொம்மைக்காரரின் மனைவி. "நேத்து ஆட்டத்து நடுவுல விளக்கு அணைஞ்சுது. திரும்ப எரியறப்போ ஸ்டூல் மட்டும்தான் இருந்தது. இன்னைக்குப் பெரிய அரங்கத்து மேனேஜர் பார்க்க வர்றார். பிடிச்சிருந்தா அங்கே நிரந்தர வேலை. என் வீட்டுக்காரர் நல்லது கெட்டது எதைச் சொல்றதா இருந்தாலும் அந்தப் பொம்மை வாயாலதான் சொல்வார் சார். அது இல்லாட்டி மேடையில நின்னு முழிப்பார்."

"சாயங்காலத்துக்கு நிறைய நேரம் இருக்கும்மா," என்று கடையைச் சாத்தினார் கண்ணாடிக்காரர்.

பகல் வெளிச்சத்தில் பீப்பாய்க் கடை தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தது. முதலாளியம்மா எல்லோரையும் மேடைக்கு வரச் சொன்னார். பொம்மைக்காரர் வெறும் ஸ்டூலைப் பார்த்தபடி நின்றார். மாயவித்தைக்காரர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தார். பியானோ வாசிக்கும் அம்மா தன் இருக்கையில் முறைப்பாக உட்கார்ந்தார். திரைக்கயிறு இழுக்கும் இளைஞனின் கண்கள் வீங்கியிருந்தன. அவன் அந்தப் பெண்ணின் தம்பி; பொம்மைக்காரருக்கு மச்சான். அதனால் அந்தக் கடைக்கே அவன் பெயர் மச்சான்தான்.

"விளக்கு எப்படி அணைஞ்சுது?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"பிளக் பிடுங்கிக்கிச்சு," என்று கயிறுகளின் அடியைக் காட்டினார் முதலாளியம்மா. "மேடை விளக்கு எல்லாத்துக்கும் அந்த ஒரே வயர். யார் கால் பட்டாலும் போயிடும். நான் தடவித் தடவி வந்துதான் மாட்டினேன். உடனே எல்லாரும் திருடனைப் பிடிக்கத் தெருவுக்கு ஓடினோம். மச்சான்தான் மேடைக்குக் காவல் இருந்தான். அப்புறம் கடைசிப் பாட்டு பாடினோம். அதுக்கு வழக்கமா இறங்கற, தெருப் படம் வரைஞ்ச திரைகூட நேத்து இறங்கல. எல்லாம் ஒரே நாள்லயா கழுத்தறுக்கும்!"

"கயிறு சிக்கிக்கிச்சு," என்றான் மச்சான்.

கண்ணாடிக்காரர் வித்தைக்காரரின் முழங்காலைப் பார்த்தார். "அடி பலமோ?"

"பொம்மை விழுந்துடாம பிடிக்கலாம்னு ஓரத்துலேருந்து பாய்ஞ்சேன். ஸ்டூல் பக்கத்துத் தண்ணி மேசையில இடிச்சுக்கிட்டேன்."

"உங்க ஆட்டத்துலயும் விளக்கை அணைப்பீங்களே?"

"தினமும்! அந்த இருட்டுல நாங்க எல்லாரும் சேர்ந்து மேடையையே மாத்திடுவோம். ஒரு டம்ளர் உருளாது."

"நேத்து மட்டும் ஏன் இடிச்சுக்கிட்டீங்க?"

"நேத்து சொல்லாம கொள்ளாமல்ல போச்சு!"

ஏஜெண்டுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மூலையில் நின்ற வித்தைப் பெட்டியின் கதவைத் தடாலென்று திறந்தார். உள்ளே காலி. "இது காலியாத் தெரியறதுக்குன்னே செஞ்ச பெட்டி சகலை! உள்ளே கண்ணாடி இருக்கு. பெரிய அரங்கத்து வேலை பொம்மைக்காரருக்குப் போறதுல இவருக்கு வயித்தெரிச்சல்!"

வித்தைக்காரர் கண்ணாடியைத் திருப்பினார். பின்னால் அவருடைய சாப்பாட்டு டப்பா மட்டும் இருந்தது. ஏஜெண்டின் முகத்தில் ஈயாடவில்லை.

முதலாளியம்மா அவரைக் காப்பாற்றுவதுபோல் சுவரில் குத்தியிருந்த ஒரு படத்தை எடுத்து வந்தார். பொம்மைக்காரர் தண்ணீர் குடிக்க, ஸ்டூலில் தனியாக உட்கார்ந்த பொம்மை அவரைத் திட்டும் இடம்தான் ஆட்டத்தின் உச்சம். அந்த நேரத்தில் முதலாளியம்மா தினமும் ஒரு படம் எடுப்பார். "நேத்தும் எடுத்தேன். கேமராவை இறக்கறதுக்குள்ள இருட்டு."

படத்தில் எல்லோரும் இருந்தார்கள். ஓரத்தில், கயிற்றடியில், மச்சான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"பாருங்க, பியானோ அம்மாவைப் பார்த்துக் கண்ணடிக்கிறான்! காலையிலேருந்து இதே கிண்டல்தான்," என்றார் முதலாளியம்மா. மச்சான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

"என் முதுகுதான் இவன் பக்கம் இருந்தது," என்று வெடித்தார் பியானோ அம்மா. "முதுகைப் பார்த்து யாராவது கண்ணடிப்பாங்களா?"

ஏஜெண்ட் மீண்டும் உயிர் பெற்றார். "அப்போ இது சைகை! கூட்டாளிக்குச் சைகை காட்டியிருக்கான்!"

"கூட்டாளி யாரும் இல்லை சகலை," என்றார் கண்ணாடிக்காரர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "எல்லாரும் உட்காருங்க. இந்தப் பையன் மூடின கண்ணைத்தான் நீங்க பார்த்தீங்க. திறந்திருக்கற கண்ணு எதைப் பார்க்குதுன்னு பாருங்க. ஸ்டூலை. நான் கண்ணோடயே காலம் தள்றவன். நல்ல வெளிச்சத்துல இருந்த கண்ணு, விளக்கு அணைஞ்சா கொஞ்ச நேரம் குருடு. முன்னாடியே மூடி வச்ச கண்ணு அப்படியில்லை; திறந்ததும் ஓரளவு பார்க்கும். ஐயா, உங்க ஆட்டத்துல விளக்கு அணையறதுக்கு முன்னாடி நீங்க எல்லாரும் என்ன பண்ணுவீங்க?"

வித்தைக்காரரின் வாய் மெல்லத் திறந்தது. "ஒரு கண்ணை மூடிக்குவோம். மேடைக்குப் புதுசா வர்றவங்களுக்கு முதல்ல அதைத்தான் சொல்லித் தருவோம்."

"நேத்து உங்களுக்கு இருட்டு வரப்போறது தெரியாது. முழங்கால்ல இடி வாங்கினீங்க. முதலாளியம்மா தடவித் தடவி வந்தாங்க. ஆனா பொம்மையை எடுத்த ஆள் தண்ணி மேசையைச் சுத்திப் போய், ஒரு டம்ளரைக்கூட உருட்டாம வந்திருக்கான். இருட்டு வரும்னு முன்கூட்டித் தெரிஞ்சது, பிளக்கைக் காலால இழுக்கப்போற ஒருத்தனுக்கு மட்டும்தான். பழக்க தோஷம், கண்ணு தானா மூடிக்கிச்சு."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். ஏஜெண்டுக்கு அந்தப் பார்வையைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"அந்தத் தெருப்படத் திரையை இறக்குப்பா. கயிறு சிக்கியிருக்காது," என்றார் கண்ணாடிக்காரர். "எல்லாரும் தெருவுல ஓடிக்கிட்டிருந்தப்போ, இருட்டுல ஒளிச்சதை இடம் மாத்த நீ ஒருத்தன்தான் இங்கே இருந்தே."

மச்சான் கயிற்றை அவிழ்த்தான். சுருட்டி மேலே கட்டியிருந்த திரை தரைக்கு வந்தது. சுருளின் நடு வயிறு புடைத்திருந்தது. பிரித்தபோது, சிவப்புக் கோட்டு கசங்காமல் சித்தப்பா மல்லாந்து கிடந்தார்.

"ஏன்டா?" என்றாள் அக்கா. "உன்னை என் இடுப்புல தூக்கி வளர்த்தேனேடா!"

"அங்கே திரையை மிஷினே இழுக்குமாம்க்கா. கயிறு இழுக்க ஆள் வேண்டாமாம். மேனேஜரோட ஆள் சொன்னான். நீங்க ரெண்டு பேரும் போயிடுவீங்க. நான் யார்கிட்ட போவேன்? இன்னைக்கு ஒரு நாள் ஆட்டம் நின்னுட்டாப் போதும்னு நினைச்சேன். நாளைக்கே எடுத்துக் குடுத்திருப்பேன். சத்தியமா."

பொம்மைக்காரர் பொம்மையை எடுத்து மடியில் வைத்தார். முதுகுக்குள் கையை விட்டார். பொம்மையின் தலை மச்சான் பக்கம் திரும்பியது. "அடப் பாவி! ராத்திரி பூரா என்னைப் பாய் மாதிரி சுருட்டிக் கட்டித் தொங்க விட்டியேடா!"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பொம்மையின் வாய் இன்னொரு முறை திறந்து, அப்படியே நின்றது. பொம்மைக்காரர் கையை வெளியே எடுத்தார். பொம்மையை ஸ்டூலில் உட்கார வைத்தார். அவருடைய சொந்தக் குரலை ஏஜெண்ட் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார். அது மெல்லிய, தயங்கும் குரல்.

"நான் போன வாரமே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன் மச்சான். மூணு பேரும் வந்தா வர்றோம், இல்லாட்டி இல்லைன்னு. அவரும் சரின்னுட்டார். உன்கிட்ட... உங்க அக்காகிட்டயும்... மேடையில சித்தப்பா வாயால சொல்லலாம்னு வச்சிருந்தேன். முன்னாடியே சொல்லியிருக்கணும்."

மச்சான் அவர் காலடியில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதான். அக்கா அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, அதே கையால் அவன் தலையைத் தடவினாள்.

அன்று மாலை சகலைகளுக்கு முன்வரிசை பஸ் சீட் கிடைத்தது. சித்தப்பா தன் கிண்டலைக் கண்ணாடிக்காரரின் வழுக்கையில் தொடங்கி மேனேஜரின் தொந்தியில் முடித்தார். மேனேஜர் மணியை அடித்த அடியில் அதன் நாக்கே கழன்றுவிடும்போல இருந்தது.

அடுத்து வித்தைக்காரர் மேடைக்கு வந்தார். இருட்டு வரப்போகிறது என்று தெரிந்ததும் ஏஜெண்ட் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். எதிர் மேசை அம்மாள் அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். ஏஜெண்ட் அசரவில்லை.

விளக்கு அணைந்தது. அவர் மூடிய கண்ணைத் திறந்தார். வித்தைப் பெட்டி நகர்வது மங்கலாகத் தெரிந்தது. மேடை ஓரத்தில் கயிற்றடியில் மச்சான் நின்றான். பொம்மைக்காரர் பின்னாலிருந்து வந்து, பொம்மையின் மரக்கையை எடுத்து அவன் தோளில் போட்டார். மச்சான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன தெரியுது சகலை?" என்று காதோடு கேட்டார் கண்ணாடிக்காரர்.

"எல்லாமே தெரியுது," என்ற ஏஜெண்ட், இருட்டிலேயே மேசைமேல் இருந்த மணியை அடித்தார்.