பெயர் நீக்கம்

பூண்டு காயும் வாடை மலைமேல் இருக்கும் போளூர் வீடுகளில் எப்போதும் உண்டு. அன்று பிற்பகல், மாப்பிள்ளை வீட்டார் கன்னிவாடியிலிருந்து வந்து சமுக்காளத்தில் அமர்ந்து, மூடுபனி சன்னல் கம்பிவரை ஏறி நின்று கூடத்தை இருட்டாக்கிய வேளையில், அந்த வாடைக்கு அடியில் இன்னொன்று மெல்லக் கசிவதை ஆண்டிச்சாமி உணர்ந்தார். சாக்குக்குள் கட்டிவைத்து அழுகிய இறைச்சியின் வாடை. வந்தவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை.

அவருடைய மூத்த மகள் மணிமேகலை தன் விருப்பப்படி ஒருவனைக் கட்டிக்கொண்டு போய் ஒரு வருடம். இளையவள் மகாதேவிக்குச் சம்பந்தம் பேசும்போது குடும்ப அட்டையில் அந்தப் பெயர் இருக்கக் கூடாது. திருமணம் என்று காட்டி நீக்கினால் கணினி கணவன் பெயரைக் கேட்டது. அதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. இறப்பு என்று போடச் சொன்னார்.

கணினி மையத்து முருகேஸ்வரி தயங்கினாள். "பேரு நாம பாக்குறதுக்குத்தாங்கய்யா. உள்ளுக்குள்ள எல்லாம் ஆதார் நம்பருதான். இங்க செத்ததாப் போட்டா, அந்த நம்பரு எங்கெங்க ஒட்டிக் கெடக்கோ அங்கெல்லாம் செத்ததாயிரும்."

"ஆகட்டும். வெரசாப் போடு."

அதன்பின் மணிமேகலையின் வங்கிக் கணக்கு நின்றது. எரிவாயு நின்றது. ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட மறுத்தார்கள். கடைசியாகப் பேசியபோது, உடம்பில் சூடே இல்லை, ஈ மொய்க்கிறது என்று அழுதாள். அவர் போனை அணைத்தார்.

மகாதேவி சபையில் விழுந்து வணங்கினாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவள் இங்கே இருக்க, அடுப்படியில் வேறு யாரும் இல்லை. ஆனால் கேசரி வந்துகொண்டிருந்தது.

பரிமாறிய கை சாம்பல் நிறம். தோல் ஊறிச் சுருங்கி, மணிக்கட்டில் தளர்ந்து தொங்கியது. ஓர் ஈ. பிறகு நிறைய.

"இது மூத்த பொண்ணுங்களா?" மாப்பிள்ளையின் தாய் வீரம்மாள் கேட்டாள்.

"எனக்கு ஒரே பொண்ணுங்க. இது சோலிக்கு வந்த ஆளு."

கை நின்றது. பிறகு வீரம்மாளின் தட்டில் வைத்தது. நெய் மினுங்கிய கேசரிக்குள் முழுதாக ஒரு நகம். வேர்ச் சதையோடு.

வீரம்மாள் குனியுமுன் அவர் தட்டை மாற்றிக்கொண்டார். எங்கள் வீட்டில் முதல் வாய் பெண்ணைப் பெற்றவனுக்கு என்றார். சிரித்தார்கள்.

வாயில் போட்டார். கடித்தார். வழவழப்பு. உப்பு. விழுங்கினார்.

"இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுங்களாய்யா?"

போனில் அப்பா என்று அழுத அதே குரல். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

அவர் தலையசைத்தார். கரண்டி தாழ்ந்தது.

இந்த முறை அதில் விரலே இருந்தது.