மேனேஜர் லீக் ஆகிறார்

மேனேஜர் மறுபடியும் கூண்டை நனைத்துவிட்டார்.

மேனேஜர் என்றதும் ஆபீசில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துவிடாதீர்கள். இவர் ஒரு கினிப்பன்றி. பழுப்பும் வெள்ளையும் கலந்த உடம்பு, வால் கிடையாது, தொப்பை மட்டும் தாராளம். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் காதில் விழுந்தால் போதும், "வீஈஈக்... வீஈஈக்" என்று விசில் அடிப்பார். உடனே வீட்டில் யாராவது ஒருவர் எதையாவது எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். இப்படி எல்லாரையும் வேலை வாங்குகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பதாம்?

பெயர் வைத்தவள் சில்வண்டு. வயது பத்து. அவளுடைய சொந்தப் பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பதால் வீட்டில் சில்வண்டுதான்.

"இது மூணாவது பாட்டில்," என்றார் அப்பா. மேனேஜரின் தண்ணீர் பாட்டிலைக் கழற்றி, அதன் கழுத்தில் வெள்ளை டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். "வாஷர் சரியில்ல. இந்தத் தடவை விடமாட்டேன்."

அப்பா குழாய் ரிப்பேர்காரர். உலகத்தில் எங்கே ஈரம் தெரிந்தாலும் அது லீக்தான் என்பது அவர் கட்சி. தன் நெற்றியில் வேர்த்தால்கூட எந்த ஜாயிண்ட் என்று தேடக்கூடிய ஆள்.

அறையின் மறுபக்கம் அம்மாவின் தையல் மெஷின் இருந்தது. அன்று அது ஓடவில்லை. அம்மா ஒரு வெள்ளைச் சட்டையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பட் பட்டென்று உதறிக்கொண்டிருந்தாள்.

"இருபது யூனிஃபார்ம் சட்டை. தைச்சு, மடிச்சு வெச்சிருந்தேன். கூண்டுலேர்ந்து எறும்பு வரிசையா கிளம்பி காலர் வரைக்கும் ஏறியிருக்கு. ஸ்கூல்ல புள்ளைங்க சட்டையைப் போட்டுக்கிட்டு ஆடவா?"

அண்ணன் சிரித்தான். அம்மா பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது.

"நாத்தம் ஒரு பக்கம், ஈரம் ஒரு பக்கம், எறும்பு ஒரு பக்கம். என் பொழப்பு இந்த ரூம்லதான் நடக்குது. சனிக்கிழமை என் தம்பி வர்றான். மேனேஜரை அவன்கூட அனுப்பிடலாம்."

சில்வண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா இருப்பது பஸ்ஸில் அரை நாள் போகவேண்டிய ஊரில். அங்கே அவருக்கு ஒரு ஜூஸ் கடை.

"மாமா வீடு ரொம்ப தூரம்மா."

"தூரமா இருந்தா என்ன? அங்க வேளைக்கு ஒரு பழம் கிடைக்கும். ராஜ வாழ்க்கை."

"சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிட்டா?"

அம்மா அடுத்த சட்டையை எடுத்தாள். "பண்ணிட்டா இருக்கட்டும். யாரு பண்ணப் போறா?"

"நான்," என்றாள் சில்வண்டு. எப்படி என்று அவளுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

"இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசனை?" என்றான் அண்ணன். "தண்ணியைக் கொஞ்சமா வை. குடிக்கலன்னா நனைக்கவும் முடியாது."

"நீ பந்து விளையாடிட்டு வந்து ஒரு சொம்புத் தண்ணி குடிக்கிறியே, உனக்கு அரை டம்ளர் குடுத்தா சும்மா இருப்பியா? தாகம் எடுக்காம யாராவது குடிப்பாங்களா?"

சொல்லி முடித்ததும் அவளே தன் பேச்சைத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். தாகம். மேனேஜருக்கு ஏன் இவ்வளவு தாகம்? ஒருவேளை பாட்டில் ஒழுகவே இல்லையோ?

அப்பா தன் வாடிக்கையாளர்களிடம் ஒன்று சொல்வார். "சந்தேகத்துல சாமானை மாத்தாதீங்க. முதல்ல எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிங்க." ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில் மூன்று பாட்டில் மாற்றியிருக்கிறார்.

புதன்கிழமை காலையில் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்பே சில்வண்டு வேலையை ஆரம்பித்துவிட்டாள். டேப் சுற்றிய புதுப் பாட்டிலை நிரம்ப நிரப்பி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். அதற்கு நேர் கீழே தரையில் காய்ந்த செய்தித்தாள். கூண்டில் பழைய பாட்டிலை மாட்டி, தண்ணீர் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டாள். அதையும் விடவில்லை. அதன் மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்தாள். ஒழுகினால் கிண்ணத்தில் விழட்டும்.

"என்னடி இது, குற்றாலமா?" என்று கேட்க அண்ணன் வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பல் துலக்கப் போய்விட்டான்.

அன்று வகுப்பில் டீச்சர் என்ன நடத்தினார் என்று கேட்டால் சில்வண்டுக்குச் சொல்லத் தெரியாது. மணி அடித்ததும் பறந்தாள். செருப்பை வாசலில் ஒன்றும் நடுவீட்டில் ஒன்றுமாக உதறிவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

செய்தித்தாள் காய்ந்து மொறமொறவென்று இருந்தது.

கூண்டுக்கு ஓடினாள். கிண்ணத்திலும் ஒரு சொட்டு இல்லை. ஆனால் பாட்டிலில் தண்ணீர் கோட்டுக்கு எங்கேயோ கீழே இறங்கிக் கிடந்தது. அளவுக் குவளையில் ஊற்றிக் கணக்குப் பார்த்தாள். காலையிலிருந்து இருநூறு மில்லி. மேனேஜர் அவளைக் கண்டுகொள்ளாமல் குட்டி வாயை நக்கிக்கொண்டார்.

அப்பா வேலை முடிந்து படியேறும் சத்தம் கேட்டது. அவர் கதவைத் தள்ளுவதற்குள் சில்வண்டு திறந்துவிட்டாள்.

"அப்பா, லீக் பாட்டில்ல இல்ல. மேனேஜர்ல இருக்கு."

அப்பா முதலில் சிரித்தார். பிறகு செய்தித்தாளைக் கண்டார். குனிந்து விரலால் தடவினார், மூலைக்கு மூலை தடவினார். எத்தனை வருஷத் தொழில்! காய்ந்த பேப்பர் பொய் சொல்லாது என்று அவருக்கா தெரியாது?

"அப்ப அவ்ளோ தண்ணியும் இவன் வயித்துக்குள்ளயா போகுது?"

"போயி வெளிய வருது. அதான் ஈரம். இன்னொண்ணும் இருக்குப்பா. நம்ம வாசல் குழாய் ஒரு மாசம் ஒழுகுச்சே, அங்க எறும்பு வந்துச்சா?"

"வெறும் தண்ணிக்கு எதுக்கு எறும்பு வரும்?"

"அப்ப இங்க மட்டும் ஏன் வருது?"

தையல் மெஷின் சட்டென்று நின்றது. அம்மா எழுந்து வந்து கூண்டின் தட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் காய்ந்த இடம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

"எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றாள் மெதுவாக. "ஓயாம தண்ணி குடிப்பாரு. நல்லா சாப்பிட்டும் உடம்பு இளைச்சுது. பார்த்தா, சுகர்."

இளைத்தது என்ற சொல் காதில் விழுந்ததோ இல்லையோ, சில்வண்டு சமையலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேனேஜரைப் பாத்திரத்தோடு வைத்தார்கள், பாத்திரத்தின் எடையைக் கழித்தார்கள். தொள்ளாயிரத்து நாற்பது கிராம். அவர் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆன அன்றைக்கு ஆயிரத்து நூறு. அதை அவள் காலண்டரில் எழுதி, பக்கத்தில் ஒரு தொப்பையும் வரைந்திருந்தாள்.

எல்லாரும் காலண்டரையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மேனேஜர் மட்டும் பாத்திரத்தின் விளிம்பைக் கடித்துப் பார்த்தார்.

வியாழக்கிழமை அப்பா பிராணிகள் மருத்துவமனைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லாருக்கும் கேட்டது.

"பேஷண்ட் பேரு?" என்றது ஒரு பெண்குரல்.

"மேனேஜர்."

"சார், உங்க உத்தியோகம் கேக்கல. பேஷண்ட் பேரு."

"பேருதாங்க மேனேஜர். ஓயாம தண்ணி குடிக்கிறாரு. படுத்த இடத்துலயே போயிடறாரு. வீட்ல எல்லாரும் சுகரா இருக்கும்கறாங்க."

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "சார், இது மிருகங்க ஆஸ்பத்திரி. உங்க மேனேஜரை வேற டாக்டர்கிட்ட..."

சில்வண்டு போனைப் பிடுங்கினாள். "அவரு கினிப்பன்றிங்க!"

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். பயந்தாலே இந்தப் பிராணிகளுக்கு உடம்பில் சர்க்கரை ஏறுமாம். அதனால் வீட்டில் அமைதியாக இருக்கும்போதே, சுத்தமான பிளாஸ்டிக் தாளில் மேனேஜரை விட்டு, அவர் ஒன்றுக்குப் போனதும் அதைச் சின்ன டப்பாவில் எடுத்துவரச் சொன்னார்கள். சனிக்கிழமை விடிந்ததும் அந்தப் பெரும் பொறுப்பைச் சில்வண்டு ஏற்றாள். மேனேஜர் அவளைக் காக்கவைக்கவே இல்லை.

டாக்டர் அம்மா, சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் ஒரு மெல்லிய பட்டையை டப்பாவில் தோய்த்து எடுத்தார். பட்டையின் நுனியில் நீலப்பச்சையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கட்டம் மெல்லப் பச்சையானது, பழுப்பானது, கடைசியில் அடர்பழுப்பில் நின்றது.

"சர்க்கரைதான். நிறையவே இருக்கு," என்றார் டாக்டர். ஒரு சொட்டு ரத்தமும் எடுத்துப் பார்த்து உறுதி செய்தார். கண்ணில் விளக்கடித்தார். "கண்ணு இன்னும் தெளிவா இருக்கு. விட்டிருந்தா பனி மூடின மாதிரி வெளுத்துப் போயிருக்கும். நல்லவேளை, சீக்கிரம் கொண்டு வந்துட்டீங்க. தண்ணியைக் குறைக்கலையே?"

"குறைக்கல," என்றாள் சில்வண்டு. அண்ணன் தரையைப் பார்த்தான்.

"ரொம்ப சரி. தண்ணியைக் குறைச்சிருந்தா ஆபத்தாயிருக்கும். சரி, இனிப்பு என்ன குடுக்கறீங்க?"

"ஒண்ணும் குடுக்கறதில்ல டாக்டர்," என்றாள் அம்மா. "காலைல ஒரே ஒரு ஆப்பிள் துண்டு. அவ்ளோதான்."

அப்பா தொண்டையைச் செருமினார். "சாயங்காலம் நான் ஒரே ஒரு வாழைப்பழ நுனி."

"ஒரே ஒரு பிஸ்கட்," என்றான் அண்ணன். "கிரீம் நக்கிட்டுத்தான் குடுப்பேன்."

மூவரும் சில்வண்டைப் பார்த்தார்கள். மேனேஜரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தவள் அவள்தானே!

"வீட்டுப்பாடம் எழுதறப்ப கத்துவாரு. ஒரு கணக்குக்கு ஒரு திராட்சை குடுப்பேன்." குரல் தேய்ந்தது. "தினமும் பத்துக் கணக்கு."

"பத்தா?" என்றாள் அம்மா.

சில்வண்டின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. "என்னாலதான் வந்துச்சா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. சில கினிப்பன்றிக்கு உடம்புவாகே அப்படி. ஆனா இவரு நாலு இடத்துல மாமூல் வாங்கியிருக்காரு, அதை முதல்ல நிறுத்தணும். ஊசி இப்ப வேண்டாம். வேளாவேளைக்கு எவ்ளோ வேணும்னாலும் காய்ஞ்ச புல்லு. இலை, கீரை வகை. பச்சைக் குடைமிளகாய் கொஞ்சம், அதுல வைட்டமின் சி இருக்கு. பழமும் பிஸ்கட்டும் கூடவே கூடாது. வாரா வாரம் எடை பாருங்க. தினமும் நல்லா ஓடவிடுங்க. நிறைய பேருக்கு இதுலயே சரியாகும்."

டாக்டர் சில பட்டைகளைக் காகித உறையில் போட்டு, அம்மாவிடம் கொடுக்காமல் சில்வண்டிடம் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் மாமா. ஒரு கையில் பெரிய கூடை, மறு கையில் திராட்சைக் கொத்து.

"வாங்க மேனேஜர் சார், உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தாச்சு," என்று சிரித்தபடி ஒரு திராட்சையைப் பிய்த்து நீட்டினார். மேனேஜர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பெட்டிக்குள் எம்பி "வீஈஈக்" என்றார்.

சில்வண்டு குறுக்கே பாய்ந்து திராட்சையைத் தட்டிவிட்டாள். அது படிகளில் உருண்டு போய்க் கீழே சாக்கடையில் விழுந்தது.

"அவருக்குச் சுகர் மாமா!"

மாமா பேந்தப் பேந்த விழித்தார். அம்மா பூட்டைத் திறந்தாள். சில்வண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை வந்துவிட்டது. எறும்பு இன்னும் போகவில்லையே.

"ஜூஸ் கடைக்கு அனுப்பறதும் எலியைத் தேன் ஜாடிக்குள்ள போடறதும் ஒண்ணுதான்," என்றாள் அம்மா. "கூடையை ஓரமா வைடா. மேனேஜருக்கு இங்க வைத்தியம் நடக்கணும். சட்டையெல்லாம் நான் பீரோவுக்குள்ள வெச்சுக்கறேன்."

சில்வண்டு அம்மாவைக் கட்டிக்கொண்ட வேகத்தில் அம்மாவின் தோளில் தொங்கிய பையின் வார் அறுந்துபோகப் பார்த்தது.

வைத்தியம் லேசில் நடக்கவில்லை. முதல் மூன்று நாள் மேனேஜர் ஸ்டிரைக் செய்தார். குடைமிளகாயை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வீட்டில் எல்லாரும் ஃப்ரிட்ஜைத் திருடர்கள் மாதிரி சத்தமில்லாமல் திறந்து சத்தமில்லாமல் மூடினார்கள். அண்ணன் பாத்ரூமில் நின்று பிஸ்கட் சாப்பிட்டான். அப்பா பெரிய பைப் துண்டுகளைக் கொண்டுவந்து ஒன்றோடு ஒன்று மாட்டி, அறை நெடுக ஒரு சுரங்கப்பாதை கட்டினார். மேனேஜர் அதற்குள் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வருவார். சில்வண்டு அங்கே கொத்தமல்லித் தழையோடு காத்திருப்பாள். நான்காம் நாள் குடைமிளகாய் காணாமல் போனது. காம்புகூட மிச்சமில்லை.

காலண்டரில் எண்கள் ஏறின. தொள்ளாயிரத்து ஐம்பது. தொள்ளாயிரத்து எண்பது. ஆயிரத்துப் பத்து. பாட்டிலில் தண்ணீர் நாளுக்கு நாள் குறைவாக இறங்கியது. எறும்புகள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டன.

ஆறாவது வாரம் சனிக்கிழமை. சில்வண்டு பட்டையைத் தோய்த்து உயர்த்திப் பிடித்தாள். அப்பா, அம்மா, அண்ணன் மூவரின் தலைகளும் முட்டிக்கொண்டன. நீலப்பச்சைக் கட்டம். பத்து எண்ணினார்கள். இருபது எண்ணினார்கள். நீலப்பச்சை நீலப்பச்சையாகவே இருந்தது.

அண்ணன் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று சத்தம் போட்டார். "மேனேஜர் பாஸ் ஆயிட்டாரு!" என்று ஜன்னல் வழியாகப் பதில் போனது. அம்மா மிச்சத் துணியில் தைத்து வைத்திருந்த ஒரு குட்டி மெத்தையைக் கொண்டுவந்து கூண்டில் போட்டாள்.

அப்பா கூண்டின் தட்டில் விரலை ஓட்டினார். காய்ந்திருந்தது. விரலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஆணியில் மாட்டியிருந்த கருவிப் பையை எடுத்தார்.

"ஒரு மூணு மாடி வீட்ல ரெண்டு நாளா தேடறேன். லீக் எங்கன்னே பிடிபடல," என்றார். "கொஞ்சம் வந்து பார்த்துச் சொல்றியாம்மா?"

சில்வண்டு அதற்குள் பழைய செய்தித்தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.